செம்புத் தவலை இழுத்த தையல் மெஷின்

போன சனிக்கிழமை காலை எங்கள் எஸ்டேட் கேட்டில் என் ரயில் என்ஜினைக் குத்திவிட்டார்கள்.

ஆமாம், குத்தித்தான். பெரிய ஆணி, சுத்தியல், ஓங்கி ஒரு அடி.

வாராவாரம் கொசுவையும் குடற்புழுவையும் பற்றி எழுதுகிற, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸருக்கு ரயில் என்ஜின் எதற்கு என்று கேட்கிறீர்களா? என் மனைவி எஸ்தரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்... கல்யாணமான நாளிலிருந்து.

சொல்கிறேன். ஆஸ்பத்திரி வேலை முடிந்தால் எனக்கிருக்கும் ஒரே பைத்தியம் இதுதான். நிஜ நீராவி என்ஜினை அப்படியே சுருக்கி, முழ நீளத்தில், உலோகத்தில் செய்வது. சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை அல்ல. நெருப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து, ஆவி தள்ளி ஓட வேண்டும். சக்கரத்தின் ஆரங்களை அரத்தால் ராவி எடுத்தேன். டிரைவர் நிற்கும் கேபின் தகட்டில் கடுகு கடுகாக ரிவெட் தலைகள் தெரிய வேண்டுமே... உள்பக்கமிருந்து ஊசியால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். வருஷக்கணக்கான வேலை!

அளவு எங்கே கிடைத்தது? செரண்டா ஸ்டேஷனில். நின்றிருந்த நிஜ என்ஜினை எஸ்தரின் தையல் டேப்பால் அளந்தேன். நாட்டில் அவசரகாலச் சட்டம் நடக்கும் இந்த நாளில் ரயில் சக்கரத்தை டேப் பிடித்து அளக்கும் ஆளைப் போலீஸ் சும்மா விடுமா? அரை நாள் பெஞ்சில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். டேப்பைத் திருப்பிக் கொடுத்தார்களே, அதுவே பெரிய காரியம்.

எல்லாம் முடிந்தது, பாய்லரைத் தவிர. பாய்லருக்குச் செம்புத் தகடு வேண்டும். அலைந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒருநாள் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். எஸ்தரின் கல்யாணச் சீராக வந்த செம்புத் தவலை! நல்ல கனமான செம்பு. அவள் என் பார்வையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வெட்டிக்கங்க" என்றாள்.

எனக்கே நம்ப முடியவில்லை.

"ஆனா ஒண்ணு. குவாலா சிலாங்கூர் கைவேலைக் கண்காட்சியில, எல்லாரு முன்னாடியும், உங்க ரயிலு என் தையல் மெஷின இழுக்கணும். இழுக்கலன்னா அந்த ரூமு மெஷினுக்கு. உங்க அரம், ஆணியெல்லாம் மூட்டை கட்டிரணும்லா."

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் மிச்சமிருப்பது ஒரே ஒரு சின்ன அறை. அதில் நானும் என் இரும்புத்தூளும். தொழிலாளர் லயத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைக்கும் எஸ்தரோ அடுப்புக்குப் பக்கத்தில் மெஷினை வைத்துக்கொண்டு புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஆக, தோற்றால் அறை போய்விடும். அறை போனால் நான் இனி என்ஜின் செய்வது எங்கே? ஆஸ்பத்திரிக் கட்டிலிலா?

தவலையை வெட்டினேன். நெருப்பில் காட்டி, விரித்து, உருளையாக வளைத்து, மூட்டுகளுக்கு வெள்ளிப் பற்று வைத்தேன். வீட்டு மேசையில், சக்கரங்களை அந்தரத்தில் வைத்து ஓட்டியபோது அழகாகச் சுற்றியது. ஆனால் சுற்றுவது வேறு, இழுப்பது வேறு அல்லவா? தையல் மெஷினோ முழுக்க வார்ப்பிரும்பு.

இனி கேட்டுக்கு வருவோம்.

உணவுக் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கேட்டில் மூடிய டின் எதுவும் மூடியபடியே தாண்டாது. பால் டின்னோ சார்டினோ, காவலுக்கு நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் விடுவார். ஓட்டை விழுந்தது சீக்கிரம் கெட்டுவிடும், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் பதுக்கி அனுப்ப முடியாது. அன்று காவலில் இருந்தவர் முனியாண்டி.

கண்காட்சிக்குப் போகும் லோரியில் குழாய்கள் நசுங்கிவிடுமே என்று பாய்லரை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தேன். தூசி போகாமலிருக்க எல்லா வாய்களையும் அடைத்திருந்தேன். முதல்நாள் கசிவு பார்க்க ஊற்றிய தண்ணீரில் பாதி உள்ளேயே கிடந்தது. நான் சாவடிக்குள் அடையாளக் கார்டைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்... வெளியே 'டங்' என்று ஒரு சத்தம். கூடவே எஸ்தரின் குரல்.

"ஏசப்பா! என் தவலை!"

ஓடி வந்தேன். பாய்லரின் உச்சியில் பளிச்சென்று ஒரு ஓட்டை. முனியாண்டி ஆணியும் கையுமாக நிற்கிறார்.

"குலுக்கிப் பாத்தேன் டிரஸ்ஸர் ஐயா, உள்ள களக்கு களக்குன்னுச்சு. மூடுன டின்னு. குத்தாம விட்டா என் வேலை போயிரும்ங்க."

அவர் மீது கோபப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு நிற்கும் மனிதனிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கோபப்படுவது? போதாக்குறைக்கு அன்று எங்கள் லோரிக்குத் துப்பாக்கியோடு பாதுகாப்பாக வர வேண்டியவரும் அவரேதான். குத்தியவரும் குத்துப்பட்டதும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்தார்கள்.

ரப்பர் மரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

"எஸ்தர், ரூமு உனக்குத்தான்" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இழுத்துத் தோத்தா ரூம வாங்கிக்கிறேன். ஆணியால தோத்தா வாங்க மாட்டேன். டவுன்ல எறங்குனதும் சைக்கிள் கடைக்குப் போங்க."

இப்படிப்பட்ட எதிராளி உங்களில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறாள்?

குவாலா சிலாங்கூர் சைக்கிள் கடைச் சீன முதலாளி, அதாவது தவுக்கே, பாய்லரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்றவைக்கும் விளக்கை எடுத்தார். நான் அலறிவிட்டேன். அந்தச் சூட்டில் ஓட்டை அடையும், ஆனால் என் வெள்ளிப் பற்று மூட்டுகளெல்லாம் இளகிப் பிரிந்துவிடும். பிறகு என்னதான் வழி? ஓட்டையைத் துளைத்து வட்டமாக்கி, புரி போட்டு, ஒரு பித்தளைத் திருகை இறுக்கி, ஓரத்தில் ஈயம் உருக்கி விடலாம். ஈயத்துக்குக் கொஞ்சம் சூடு போதும். "போலே, போலே", முடியும் முடியும் என்று மலாயில் தலையாட்டினார் தவுக்கே.

திருகைத் தேடிக்கொண்டிருந்தபோது எஸ்தர் கேட்டாள்.

"அத ஏன் அடைக்கிறீங்க? அங்க ஒரு விசில வைங்களேன். விசில் இல்லாம என்னா ரயிலு?"

விசிலை நான் வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். இத்தனூண்டு பாய்லரில் விசில் ஊதினால் ஆவி அதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. ஆனால் ஓட்டை விழுந்திருந்த இடத்தைப் பார்த்தேன். கேபினுக்குச் சற்று முன்னால், பாய்லரின் நடு உச்சி. நானே அளந்து துளைத்திருந்தாலும் விசிலுக்கு அந்த இடத்தைத்தான் பிடித்திருப்பேன்! ஓட்டை விழுந்தால் நமக்கு அடைக்கத்தான் கை பரபரக்கிறது. அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று தோன்றுவதேயில்லை.

தவுக்கேயின் கடையில் பழைய பெட்ரோமாக்ஸ் ஒன்று உடைந்து கிடந்தது. அதன் காற்றுத் திருகு எங்களுக்கு வால்வு ஆயிற்று. மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றில் வாய் வெட்டி விசில் செய்தேன். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முனியாண்டி இரண்டு கையாலும் பாய்லரைப் பிடித்துக்கொண்டார். பச்சைப் பிள்ளையைக்கூட யாரும் அவ்வளவு பதனமாகப் பிடித்திருக்க மாட்டார்கள்.

கண்காட்சி நடந்த பள்ளிக்கூட ஹாலில் கூட்டமான கூட்டம். மேசைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் நான் கொண்டுபோன தண்டவாளம். பாய்லரை மறுபடி மாட்டிய என்ஜினுக்குப் பின்னால் நாலு சக்கரப் பலகை. பலகையில் எஸ்தரின் தையல் மெஷின், கறுப்பாக, அசைக்க முடியாத கம்பீரத்தோடு. எங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ஸ்டோர் கிராணி குனிந்து பார்த்துவிட்டு, "என்னா டிரஸ்ஸர், யானைய எலி இழுக்கப் போவுதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஸ்பிரிட்டைப் பற்ற வைத்தேன். தண்ணீர் முனகத் தொடங்கியது. அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது. ஈயம் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு? ஒரு கசிவு? இல்லை! ஆவியைத் திறந்தேன்.

சக்கரங்கள் சுற்றின. நின்ற இடத்திலேயே சுற்றின. மெஷின் இம்மியும் நகரவில்லை.

ஆவியை மூடினேன். மறுபடி திறந்தேன். மறுபடியும் அதே வழுக்கல். முடிந்தது கதை, அரத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"நில்லுங்க!"

எஸ்தர் முன்னால் வந்தாள். தண்டவாளத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய்! துரு பிடிக்கக் கூடாதென்று நான் பூசியிருந்தேன், துடைக்க மறந்துவிட்டேன். அவள் முந்தானையை இழுத்தாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தண்டவாளத்தையும் அழுத்தித் துடைத்தாள். விசேஷத்துக்கென்று எடுத்துக் கட்டிய சேலை அது.

"இப்ப விடுங்க" என்றாள்.

விட்டேன். குப்... என்று ஒரு மூச்சு. சக்கரம் கவ்வியது. குப்... குப்... கொக்கி இறுகியது. தையல் மெஷின் லேசாக ஆடியது, நகர்ந்தது. நகர்ந்தது ஐயா! யானை, எலி எல்லாம் நகர்ந்தது! ஹாலே கைதட்டியது. முனியாண்டி, "இழு ராசா, இழு!" என்று கத்தினார். ஸ்டோர் கிராணி வழியை விட்டு ஒதுங்கி நின்றார்... மேசை மேல் ஓடும் ரயிலுக்கு!

எஸ்தர் கூடவே ஓடினாள். கை நீட்டி அந்த விசில் திருகைத் திறந்தாள். கூ...வென்று வந்த சத்தத்தில் ஹாலில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யுத்தத்தின்போது எங்கள் பக்கத்துத் தண்டவாளங்களை ஜப்பான்காரன் பெயர்த்துக்கொண்டு போன பிறகு குவாலா சிலாங்கூரில் கேட்ட முதல் ரயில் சத்தம் அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஆவி தீர்ந்ததா? தீரவில்லை. கடைசி மேசைவரை இழுத்தது. என் கணக்கு தப்பு, அவள் சொன்னதுதான் சரி.

முதல் பரிசு எங்களுக்கு. மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், கோப்பையை வாங்கப் போனது எஸ்தர். பார்த்தவர்களிடமெல்லாம், "அது எங்க வீட்டுத் தவலைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தயத்தில் தோற்றவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அறையை வென்றாயிற்று. திங்கட்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்க்கிறேன்... அறைக்குள் தையல் மெஷின்!

"இது என்ன எஸ்தர்? ஜெயிச்சது நான்தானே?"

"யாரு இல்லன்னா? ரயிலுன்னா பின்னால பெட்டி வேணும். பெட்டின்னா சீட்டு வேணும். சீட்டுக்கு உறைய நீங்களா தைப்பீங்க?"

நியாயம்தானே!

ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டுமாம். ஜன்னல் பக்கமும் அவளுக்கே.