மாமா போட்ட தரை

எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, வீட்டுக்குள் முதலில் நுழைந்த பசுவின் கால் தரைக்குள் போய்விட்டது. சறுக்கவில்லை, இடறவில்லை. முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. இப்போது இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன! அன்றைக்கு அங்கே நின்ற எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அந்த வீட்டைக் கட்டியவர் என் தாய்மாமன், அம்மாவின் ஒரே அண்ணன். மதுரைக்குள் ஒண்டுக்குடித்தனத்தில் அவதிப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள், கோச்சடையில் ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மனை வாங்கியிருந்தோம். வீடு யாரை விட்டுக் கட்டுவது என்ற பேச்சே எழவில்லை. மச்சினன் மேஸ்திரியாக இருக்கும்போது வேறு ஆளிடம் கண்டிராக்ட் கொடுத்தால், பெண் எடுத்த வீட்டை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். சரி, மச்சினனிடமே கொடுத்தாயிற்று. அப்புறம் சுவரைத் தட்டிப் பார்க்க முடியுமா? ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்க முடியுமா? சம்பந்தக்காரர் கட்டும் சுவருக்கு நேரே தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் துணிச்சல் எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளைக்கும் கிடையாது. அப்பா மனைப் பக்கம் வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, "நல்லா வருது மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தன் பாத்திரக் கடைக்குப் போய்விடுவார்.

மாமாவோ வாயாலேயே மாடி கட்டுகிற ஆள். தான் கட்டிய சத்திரத்தில் யானையைக் கட்டிப் போட்டாலும் தூண் அசையாது என்பார். என்னை "மருமகளே" என்று கூப்பிட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுவார். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அவர் சொன்னதையெல்லாம் நம்பினேன், யானை உட்பட.

மத்தியானம் மாமாவுக்குச் சோறு கொண்டுபோவது அம்மாவின் வேலை. தூக்குச்சட்டியோடு நானும் கூடவே போவேன். தரைக்கு அடியில் மண் நிரப்பிய சமயத்தில் அம்மாவின் முகம் சரியில்லை. மணல் கொட்டி, தண்ணீர் ஊற்றி, திமிசுக்கட்டையால் இடித்து இடித்துக் கெட்டியாக்கிவிட்டுத்தான் மேலே செங்கல் பரப்ப வேண்டும். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் வீட்டில் திமிசுச் சத்தமே கேட்கவில்லை. இடிக்கச் சொல்லி அம்மா கேட்டாள். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். மறுநாளும் கேட்டாள். பொம்பளைகளுக்கு அடுப்புக்கட்டி மெழுகத் தெரிந்தால் போதும் என்றார் மாமா. அதற்கும் மறுநாள் அம்மா கெஞ்சவே செய்தாள்.

"இது நான் வாழ வந்த வீடுண்ணே. அவுக முன்னால நான் தலை நிமிந்து நடக்கணும். நல்லபடியாச் செஞ்சு குடு."

"போ தாயி, அண்ணன் இருக்கேன்ல" என்றார் மாமா. திரும்பி வரும் வழியில், இதையெல்லாம் அப்பாவிடம் உளறக்கூடாது என்று அம்மா எனக்குக் கட்டளை போட்டாள்.

கார்த்திகையில் நாள் குறித்தார்கள். நல்ல மழைக்காலம். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வாசல் பந்தல் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அம்மா நிலைக்கதவைத் தாண்டிக்கூட வரமாட்டாள். மாமாவுக்கு அன்று இரட்டை மரியாதை. வீடு கட்டிய மேஸ்திரி என்று அப்பா அவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார். தாய்மாமன் என்ற முறையில் அவரும் பித்தளைக் குடமும் புடவையுமாகச் சீர் கொண்டு வந்திருந்தார். புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய ஜமீன்தார் மாதிரி வாசலில் நின்றார்.

புது வீட்டுக்குள் மனிதர்களுக்கு முன்னால் பசு போக வேண்டும். அடுத்த தெருக் கோனார் வீட்டு அம்மாள் தன் பசுவையும் கன்றையும் மஞ்சள் குங்குமம் வைத்து ஓட்டி வந்தாள். பசு வாசற்படியை முகர்ந்து பார்த்தது, நின்றது, மறுபடி முகர்ந்தது. அதற்கு என்ன தெரிந்ததோ! பின்னாலிருந்து தள்ளினார்கள். உள்ளே போய்க் கூடத்து நடுவில் கால் வைத்ததுதான் தாமதம், பொதுக்கென்று ஒரு சத்தம். முன்னங்கால் ஒன்றைக் காணோம். பசு தரையில் மோவாய் இடிக்க விழுந்து, கத்தியது பாருங்கள், அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கன்று தாறுமாறாக ஓடியது. கோனார் வீட்டு அம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் ஒளிந்தேன்.

ஆண்கள் கடப்பாரை கொண்டுவந்து சுற்றிலும் தரையை உடைத்தார்கள். அரைத் தட்டுத் தட்டினாலே அப்பளம் மாதிரி நொறுங்கியது. காலை வெளியே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, தோல்தான் உரிந்திருந்தது. பசு நொண்டிக்கொண்டே வெளியே போயிற்று. அப்பா குழிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே கையை விட்டார். மணல் வரவில்லை. ஈர வைக்கோல் வந்தது. பனையோலை வந்தது. ஓட்டாஞ்சில்லும் சாம்பலும் வந்தன. குப்பைமேட்டைக் கொண்டுவந்து கொட்டி, அதன்மேல் செங்கல் பரப்பிச் சுண்ணாம்பு பூசியிருந்தார் மாமா. அப்பாவின் முகத்தில் கோபம்கூட இல்லை. பேயறைந்த மாதிரி இருந்தார்.

"கூடப் பொறந்தவ வீட்டுக்கே இப்படியா மச்சான்?"

பெரியப்பாதான் எழுந்தார். இப்போதே பஞ்சாயத்தைக் கூட்டி இவனை நிறுத்தப்போகிறேன், தங்கச்சி வீட்டையே ஏமாற்றினவனை இந்த ஜில்லாவில் இனி ஒருத்தன் ஒரு செங்கல் எடுத்து வைக்கக் கூப்பிடுகிறானா பார்க்கிறேன் என்றார். சொன்னால் செய்கிறவர் அவர். இரண்டு பேர் மாமாவின் கையைப் பிடிக்கவும் வந்துவிட்டார்கள். மாமாவின் பிழைப்பு அந்த நிமிஷம் பெரியப்பாவின் வாயில் இருந்தது. குழந்தைகுட்டிக்காரர் மாமா.

அப்போதுதான் அம்மா நிலைக்கதவைத் தாண்டி வந்து பெரியப்பாவின் எதிரில் நின்றாள்.

"எங்க அண்ணனை ஒண்ணும் சொல்லாதீக. மார்கழி பொறக்கிறதுக்குள்ள பால் காய்ச்சணும்னு அவசரப்படுத்தினது நான்தான். ஆத்துல வெள்ளம், மணல் வண்டி வரலை. கெடச்சதைப் போட்டு மூடுண்ணேன்னு நான்தான் சொன்னேன்."

பசு விழுந்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. அம்மா பொய் சொல்கிறாள்! என் அம்மா, அத்தனை பேர் முன்னால், கொஞ்சம்கூடக் குரல் நடுங்காமல்! நான் மாமாவைப் பார்த்தேன். அவர் உடனே மறுத்துவிடுவார், அவ சொல்லவே இல்லை என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிடிக்க வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவர் தோளில் கிடந்த புதுத் துண்டைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டி நடந்தே போய்விட்டார்.

அப்புறம் எல்லாம் அம்மாவின் தலையில் விடிந்தது. பெண் பேச்சைக் கேட்டுக் கட்டினால் இந்தக் கதிதான் என்று பெரியப்பா கிளம்பிப் போனார். பால் காய்ச்சாமல் விடக்கூடாதென்று அம்மா ஒருத்தியாக அடுப்பை ஊதிக் காய்ச்சினாள். பால் நன்றாகவே பொங்கியது, பார்க்கத்தான் ஆளில்லை. பரவையிலிருந்து வேறு மேஸ்திரி வந்து தரையை முழுக்கத் தோண்டிப் புதிதாகப் போட்டார். அந்த வேலை முடிந்து வெகுநாள் வரைக்கும் அப்பா அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி அனுப்புவார்.

ஒருநாள் துணி துவைக்கும்போது அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"நீ அப்படிச் சொல்லவே இல்லையேம்மா?"

"சொன்னேன். நீ பாக்கலை" என்றாள் அம்மா. அதுவும் பொய்.

பொங்கலுக்கு முதல் நாள் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. கரும்புக் கட்டு, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்தோடு மாமா இறங்கினார். பிறந்த வீட்டுப் பொங்கல் சீர். நான் துள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடி, மாமா வந்திருக்கிறார் என்றேன். அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அம்மா இல்லைன்னு சொல்லு."

எனக்குப் புரியவில்லை. நின்றேன். "போ. போய்ச் சொல்லு" என்றாள். சொன்னேன். மாமா என் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார். அம்மி அரைக்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு இறக்கிய கரும்பைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இல்லை, அம்மா அவர் வீட்டுப் படி ஏறியதும் இல்லை.

பெரியப்பா எதிரில் நின்று அவருக்காக அவ்வளவு பெரிய பொய் சொன்னவள், வந்தவரை வா என்று சொல்ல எழுந்திருக்கவில்லை. கோபமென்றால் அன்றைக்கே பிடித்துக் கொடுத்திருக்கலாம். கோபமில்லையென்றால் இன்றைக்கு உள்ளே கூப்பிட்டிருக்கலாம். இதில் எது என்று எனக்கு விளங்கவே இல்லை. கரும்பையாவது வாங்கி வைத்திருக்கலாமே என்று அம்மாவோடு அன்று பூராவும் சண்டை பிடித்தேன்.