உதட்டில் கட்டிய பட்டு இழை

கார்த்திகை தீபத்துக்கு ஆரணியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா, மறுநாள் காலையில் கீழுதட்டை மடக்கிக் காட்டினாள். உள்பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி, நாவற்பழ நிறத்தில். ஆவணியிலேயே வந்துவிட்டதாம். அப்போது மிளகு அளவு, வெறும் சதை நிறம்.

"இத்தினி மாசம் ஏன்க்கா சொல்லல?"

"உங்க மாமாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போனா பேர் வச்சுடுவாங்கடா."

மாமா புகையிலை போட்டவர். கன்னத்தில் வந்த புற்று அவரைக் கொண்டுபோனது. அக்கா வெற்றிலைகூடப் போடுவதில்லை. அதைச் சொன்னேன், அவள் காதில் ஏறவில்லை.

அன்றைக்கே பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இளம்பெண். விளக்கைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அக்காவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. டாக்டர் இடுக்கியால் எதையோ தொட்டார்.

"என்னம்மா இது, நூலா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "பட்டு இழைங்க. கழுத்துல மரு வந்தா எங்க தெருவுல கட்டுவோம், காஞ்சி உழுந்துடும். இதுவும் உழும்னு பாத்துகினு இருந்தேன்."

"வாய்க்குள்ள எச்சில்ல ஊறிகினே இருக்கிறது எப்படிம்மா காயும்? இழை இறுக்கி ரத்தம் கட்டிக்கிச்சு. கறுத்ததே அதாலதான்."

"அப்போ அது இல்லீங்களா?"

"பாத்தா நார்க்கட்டி மாதிரிதான் தெரியுது. ஒரே இடத்துல பல்லு பட்டுகினே இருந்தா வரும். ஆனா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பாம நான் உறுதி சொல்ல மாட்டேன்."

அக்கா தறி நெய்பவள். அறுந்த இழையை முடிச்சுப் போட்டதும் மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவாள். சமயத்தில் உதடும் சேர்ந்து கடிபடும்.

"கத்திங்களா?"

"லேசர். தையல்கூட வேணாம்."

"தையல் போட்டா இன்னா நூலுங்க?"

"அதுவும் பட்டுதாம்மா."

அதைக் கேட்டு அக்கா சிரித்துவிட்டாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, இழையை வெட்டி எடுத்தார்கள். ஒளி கண்ணில் படக் கூடாதென்று மூன்று பேருக்கும் நிறக் கண்ணாடி. பேனா போன்ற கருவியின் நுனி கட்டியின் அடியைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. ரத்தம் அவ்வளவாக வரவில்லை. சதை கருகும் வாசனை மட்டும் வந்தது. கட்டி சின்னக் குப்பிக்குள் போனது. வாயில் வைத்திருந்த பஞ்சை எடுத்ததும் அக்கா மரத்த உதட்டோடு குழறினாள்: "கலப்பில்லாத பட்டு." அசல் பட்டுதானா என்று கடைகளில் இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள், அந்த வாசனையேதான்.

முடிவு வர ஒரு வாரமானது. அதுவரை அவள் ஊருக்குப் போகவில்லை. டாக்டர் தாளைப் பார்த்து, "வெறும் நார்க்கட்டி. புற்று இல்லை" என்றார். அக்கா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவரும் சலிக்காமல் சொல்லிவிட்டு, "இனிமே நூலுக்குக் கத்திரிக்கோல்மா" என்றார்.

பஸ் நிலையத்தில் தேவிகாபுரம் வண்டிக்காக நின்றோம். மகிழ்ச்சியாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க மாமாவுக்கும் இந்தக் கட்டியாவே வந்திருக்கக் கூடாதாடா?"

வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள், கட்டி இருந்த இடத்தை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.