நாலு கதிரைக்கு ஒரு விளக்கு

தனி வீட்டின் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு நிலையில் இல்லை. ஆறாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மனது எழுந்து போய் எங்கள் புது வீட்டு ஹோலின் நடுவில் நின்றுகொள்ளும். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையிலிருந்து கொஞ்சம் இறங்கினால் தேயிலைக்கு நடுவே வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு ஹோல். ஹோல் என்று சொல்லும்போதே வாய் கொஞ்சம் அகலமாகத் திறந்தது.

அதுவரை இருந்தது லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஒற்றை அறை. குறுக்கே மறித்த பலகையின் மேல் பக்கத்தில் ஓட்டை போட்டு, அதில் ஒரே ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தோம். அந்தப் பக்கம் அடுப்புக்குப் பாதி வெளிச்சம், இந்தப் பக்கம் என் புத்தகத்துக்குப் பாதி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பாதி வெளிச்சம் எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. போதாமல் இருந்தது இடம். நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு ஒரு நாள்கூட ஞாபகத்தில் இல்லை. அப்பா வாசல் இஸ்தோப்புப் படியில், நான் கட்டில் ஓரத்தில், தங்கை தரையில் விரித்த சாக்கில். அம்மா எல்லாரும் முடித்த பிறகு அடுப்படியில் குந்தி, சட்டியில் மிஞ்சியதை அதிலேயே பிசைந்து சாப்பிடுவார்.

புது வீட்டில் எனக்கு வேண்டியது ஒன்றுதான். குடிபோகும் நாளில் நாலு பேரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும், அம்மாவும் சேர்ந்து.

தங்கையிடம் மட்டும் இதைச் சொன்னேன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள் போனில் வீட்டு அலங்கார வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். மேசை வாங்கினால் மட்டும் ஆகாது, அதில் அம்மா உடுப்பை மடித்து அடுக்கிவிடுவார் என்றாள். அவள் காட்டிய ஒரு வீடியோவில் வெறும் ஹோல், வட்ட மேசை, அதற்கு மேலே தாழத் தொங்கிய ஒரு பெரிய விளக்கு. வேறு சாமான் ஒன்றும் இல்லை. ஆனாலும் வெளிச்சம் விழுந்த இடத்துக்கு ஆட்கள் தானாக வந்து உட்கார்ந்தார்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீட்டுக்குள் வருகிறவர்களின் கண் முதலில் போய் விழுகிற மாதிரி ஒரு விளக்கு வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் மாத்தளை டவுனுக்கு இறங்கினோம். விளக்குக் கடைக்குள் நுழைந்ததும் எனக்குக் கழுத்து கீழே இறங்கவில்லை. கண்ணாடி மணிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கியவை, பித்தளைக் கை விரித்தவை, நிறம் மாறி மாறி எரிகிறவை. பகலிலேயே அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. வெள்ளைத் தொப்பி போட்ட முதலாளி நாங்கள் சுற்றி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டார்.

"சீலிங் எத்தன அடி ஈக்கி மகன்?"

சீலிங்கே இல்லை, மேலே சீட் கூரையும் மரச் சட்டமும்தான் என்றேன். சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அப்படியென்றால் சட்டத்திலிருந்து கயிற்றில் இறக்கலாம், சீலிங் போட்ட வீட்டைவிட நல்லது என்று சொல்லி, கண்ணாடி மணி விளக்குகளைத் தாண்டி எங்களை உள்ளே கூட்டிப்போனார். எனக்கு அந்த மணிகளை விட்டு வர மனமில்லை. தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, நமக்கு வேண்டியது கல்யாண மண்டபம் இல்ல."

உள்ளே அது தொங்கியது. பிரம்பில் பின்னிய பெரிய கூடு. மேலே குறுகி, கீழே அகன்று, இரண்டு கையையும் வட்டமாக விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. முதலாளி சுவிட்சைப் போட்டார். பிரம்பு இடுக்குகள் வழியாக நிழல் சுவர் முழுக்கக் கோடு போட்டது, கீழே மஞ்சள் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. தங்கை அந்த வட்டத்துக்குள் போய் நின்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். முதலாளி கடதாசிப் பெட்டியைத் தேடப் போய்விட்டார்.

பெட்டி கிடைக்கவில்லை. ரத்தோட்டை பஸ்ஸில் அதை வெறுமனே மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கொண்டக்டர் அந்தக் கூட்டுக்குள் எட்டிப் பார்த்து, கோழி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். கோழி பறந்து போயிற்று என்று தங்கையும் சிங்களத்திலேயே சொல்ல, பின் சீட்டிலிருந்தவர்கள் நாங்கள் இறங்கும்வரை அந்தக் கோழியை விடவில்லை. எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எந்தச் சட்டத்தில் கொக்கி போடுவது என்பதுதான் தலைக்குள் ஓடியது.

மேசை உக்குவளையில் ஒரு தச்சுப் பட்டறையில் சொல்லிச் செய்தது. வட்டமாகவே வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வட்டத்தில் யாரும் தலைமாட்டில் உட்கார முடியாது, யாரும் ஓரமாக ஒதுங்கவும் முடியாது. நாலு கதிரைகளும் வந்தன. ஜன்னல் சீலைகள் தங்கையின் பொறுப்பு. அவள் கடுகு நிறத்தில் தைத்துப் போட்டதும் வெறும் சிமெந்துச் சுவர்கூடச் சிரித்த மாதிரி இருந்தது.

விளக்கை மாட்டுகிற அன்று, வயரிங் செய்கிறவர் ஏணியில் நின்று எவ்வளவு இறக்க என்று கேட்டார். நானும் தங்கையும் எதிரெதிரே கதிரையில் உட்கார்ந்துகொண்டு, இன்னும், இன்னும் என்றோம். கூட்டின் விளிம்புக்குக் கீழே ஒருவர் முகம் மற்றவருக்கு முழுசாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னோம். இவ்வளவு தாழ்வாகவா, ஆட்கள் முட்டிக்கொள்வார்கள் என்றார். மேசை மேல் யார் நடக்கப் போகிறார்கள் என்று தங்கை கேட்டாள்.

அம்மாவையும் அப்பாவையும் அதுவரை ஹோலுக்குள் விடவில்லை. குடிபோன காலையில், பால் பானையோடு முதலில் அம்மா உள்ளே வந்தார். பின்னால் லயத்துச் சனம். அம்மா நின்று மேலே பார்த்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"என்னா தம்பி, கொழுந்துக் கூடையக் கவுத்து வச்சிருக்க?"

வீடே சிரித்தது. பக்கத்துக் காம்பரா அத்தை, காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டு இனிமேல் இங்கேதான் போலிருக்கிறது, கொழுந்து நிறுக்கிற தராசு எங்கே என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். தேயிலை பறிக்கிற கொழுந்துக் கூடையேதான். அதே பின்னல், அதே அகன்ற வாய். முப்பது வருடம் அம்மாவின் முதுகில் தொங்கியதை, நான் மாத்தளை வரை போய்ப் பொறுக்கி எடுத்து, மடியில் வைத்துக் கொண்டுவந்து அவர் தலைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். கண்ணாடி மணிகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மாற்றித் தருவார்கள், திங்கட்கிழமையே கொண்டுபோகிறேன் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"எதுக்கு? கவுத்துத்தான வச்சிருக்கு. ஒண்ணும் நெறப்பத் தேவயில்ல" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போனார்.

பால் பொங்கியது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. மலையிலிருந்து மூடுபனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே தேயிலை ஒன்றும் தெரியவில்லை. ஹோல் இருண்டது. தங்கை சுவிட்சைப் போட்டாள். பகலில் என்ன லைட் என்று அம்மா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

மேசையில் நாலு சோற்றுக் கோப்பைகளை வைத்தேன். அப்பா கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அம்மா சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, நின்றபடியே பரிமாறத் தொடங்கினார். நீங்களும் உட்காருங்கள் என்றேன். நீங்க சாப்பிடுங்க, எனக்கு இப்ப பசிக்கல என்றார். நாலாவது கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். தங்கை கீழே குனிந்துகொண்டாள். மேசை இருந்தது, கதிரை இருந்தது, விளக்கும் எரிந்தது. அம்மா இன்னும் அந்தப் பழைய அடுப்படியில்தான் இருந்தார், அடுப்பு மட்டும் இல்லை.

அப்பா பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். எதிரே அம்மாவின் கைகளும் அகப்பையும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. தோளுக்கு மேலே பிரம்புக் கூடு. அப்பா தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். அம்மாவும் அப்பாவின் கோப்பையில் என்ன குறைகிறது என்று பார்க்கக் கூட்டுக்குக் கீழே குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"இந்தா" என்றார் அப்பா. "ஒன் மூஞ்சியே தெரியல. யாரோ சோறு போடுற மாதிரி இருக்கு. ஒக்காரு."

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அம்மா சட்டியை மேசை மேல் வைத்தார். கதிரையை இழுத்து, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பதுபோல் பாதியில் உட்கார்ந்தார். அம்மாவின் முகம் வெளிச்சத்துக்குள் வந்தது. தங்கை நாலாவது கோப்பையை இழுத்து அதில் சோற்றைப் போட்டாள், நான் பருப்பை ஊற்றினேன். இருவர் கையும் முட்டிக்கொண்டன. அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பருப்புக்கு உப்பு பத்தல" என்றார். "இதயா இவ்வளவு நேரம் பேசாம தின்னுக்கிட்டு இருந்தீங்க?"

அம்மா எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் தலை கூட்டில் இடித்து, விளக்கு ஆடி, சுவரெல்லாம் நிழல் ஓடியது. தலையைத் தடவிக்கொண்டே குசினிக்குள் போனவர் அங்கிருந்து கேட்டார், உப்பு எதில் இருக்கிறது என்று. அம்மா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எழாமலே சொன்னார்.