விழுந்தது எந்தச் சாவி

ஆடி மாதத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்துக்குள் காலெடுத்து வைத்தால், முதலில் முகத்தில் மோதுவது வௌவால் புழுக்கையும் நனைந்த சுண்ணாம்பும் கலந்த நாற்றம்தான். விக்டோரியா மகாராணி காலத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்த் தேவாலயங்களைப் போலவே கட்டிவிட்டுப் போன கட்டடம் அது. உச்சி கூரான நெட்டை ஜன்னல்கள், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் தேக்கு உத்திரங்கள், கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒரு பெரிய கல் வளைவு. கம்பம் பள்ளத்தாக்கின் காற்று ஓட்டுக்கடியில் புகுந்து ஊளையிடும்போது வளைவின் இடுக்குகளிலிருந்து காரை பொடிப்பொடியாக உதிரும். "கட்டடம் பல்லக் கடிக்குது" என்போம். அதனடியில் யாரும் நடந்து போனதில்லை, ஓடித்தான் கடப்போம்.

அனுமந்தன்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய் நான் ஆறாம் வகுப்பும், தங்கை செல்வி ஒன்றாம் வகுப்பும் படித்தோம். ஒன்றாம் வகுப்பு நடந்தது அந்த வளைவுக்கு நேர் கீழே.

பூச்சு வேலைக்கு வந்த கொத்தனாரிடம், அது விழுமா என்று கேட்டேன். அவர் வளைவின் உச்சியில் ஆப்புபோலச் செருகியிருந்த கல்லைக் காட்டினார்.

"அங்கன நிக்குது பாரு, அதான் சாவி. அது இருக்கவரைக்கும் ஒண்ணும் ஆகாது. விழுந்துச்சு, மொதல்ல ஒங்க பெரிய சார் மண்டைதான் ஆத்தா."

மூன்றாம் நாள் காலை வராந்தாவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பள்ளி ஆயா தலைமையாசிரியர் அறைக்கு விரைந்து போய், "சார், சாவி விழுந்துருச்சு" என்றது காதில் விழுந்தது. கிணற்றில் விழுந்த பீரோச் சாவியைத்தான் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒரே சாவிதான். கூடத்துக்குள் ஓடி, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த முப்பத்தொரு பிள்ளைகளில் செல்வியின் கையை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு, டீச்சரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் வேப்பமரம்வரை ஓடினேன். அங்கே திரும்பி நின்று கட்டடத்தையே பார்த்தேன். விழுவதற்காகக் காத்திருந்தேன் என்பதுதான் சரி. உள்ளே வாய்ப்பாடு நிற்கவில்லை.

விசாரித்தபோது சொன்னேன். ஆசிரியர்கள் சிரித்தார்கள், கொத்தனார் சாரத்தில் உட்கார்ந்தபடியே சிரித்தார். "ஏலே, சாவி வருது" என்று வாரம் முழுக்கப் பையன்கள் கேலி செய்தார்கள். செல்வியின் பக்கத்தில் உட்காரும் ஈஸ்வரி மட்டும், சாப்பாட்டு மணியடித்ததும் என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் மேலயும் விழும்லக்கா? என்னைய ஏன் கூப்பிடல?"

பாவாடையை உருவிக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்கு ஓடினேன். அதன்பிறகு எனக்கு அந்த வளைவைவிட, அந்தச் சின்னப் பிள்ளை எதிரே வருவதுதான் பெரிய பயமாக இருந்தது. அவளைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவேன்.

போன வருடம், பழுது என்று சொல்லிக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே சதுரமாக மூன்று மாடி நிற்கிறது. உத்திரமும் இல்லை, வௌவாலும் இல்லை. ஈஸ்வரி தேனிக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறாள். சென்ற மாதம் போனபோது, இடிக்கையில் எடுத்த படத்தைப் போனில் காட்டினாள்.

"ரெண்டு நாளு மிஷின வச்சு மோதுனாகக்கா, வளைவு அசையல. இதையா பாத்துப் பயந்தோம்?"

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அன்று பாவாடையைப் பிடித்துக் கேட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து, மேல்தட்டில் இருந்த ஒரு சட்டியை எடுத்துக் காட்டச் சொன்னேன்.