இல்லாத இரண்டாவது மாடி

எங்கள் அக்காவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் பங்கு மக்களுக்கும் அவருடைய தம்பி எழுதுவது. அச்சகத்துக்காரர் மூன்று முறை போன் செய்துவிட்டார். மற்ற பக்கங்கள் எல்லாம் தயாராம், என் கட்டுரை மட்டும்தான் பாக்கியாம். எழுத உட்கார்ந்தாலே அசதியாக இருக்கிறது. இந்த ஒரு வருடமாகவே அப்படித்தான். ஆனாலும் நான் எழுதாவிட்டால் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அக்கா சைதாப்பேட்டையில் பிறந்தார். எங்கள் அப்பா அங்கே நீதிமன்றத்தில் டவாலி போட்டுக்கொண்டு நீதிபதிக்கு முன்னால் நடந்தவர். வீட்டுக்குள்ளும் அதே நடைதான் என்று அம்மா கிண்டல் செய்வார். அக்கா பள்ளிப் படிப்பை முடித்த வருடம் அப்பா மாரடைப்பில் காலமானார். எனக்கு அப்போது ஏழு வயது. கல்லூரிக்கென்று அக்கா வாங்கி வைத்திருந்த விண்ணப்பம் அம்மாவின் பீரோவில் நிரப்பப்படாமலே ரொம்ப நாள் கிடந்தது. அவர் தட்டச்சு வகுப்புக்குப் போனார். லோயர், ஹையர் இரண்டும் தேறி, மயிலாப்பூரில் எங்கள் பங்குப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். நாங்களும் மயிலாப்பூருக்கே குடிவந்தோம்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த ஒரே நாற்காலி. இந்த மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேருடைய மாற்றுச் சான்றிதழ் அக்கா அடித்ததாகத்தான் இருக்கும். தட்டச்சு இயந்திரம் போய் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் பயந்தார்கள். அக்கா ஒரே வாரத்தில் பழகிக்கொண்டார். திருமணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக் கழித்தார். ஒருமுறை நான் காரணம் கேட்டேன். “உன்னைச் சமாளிக்கிறதே பெரும்பாடா இருக்குடா, இதுல இன்னொருத்தனா?” என்றார். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். கையில் இருக்கும் காகிதங்களை மேசையில் தட்டித் தட்டி நேராக்குவார். அந்தச் சத்தத்துக்குத் தலைமை ஆசிரியரே பயப்படுவார்.

அக்காவின் இன்னொரு வேலை உங்களுக்கெல்லாம் தெரியும். பிளஸ் டூ முடிவுகள் வந்த அடுத்த ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மன்றத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவார். பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பித் தருவார். பிற்பாடு எல்லாம் ஆன்லைன் ஆன பிறகு லேப்டாப்போடு உட்கார்ந்தார். அதில் ஒரே ஒரு கட்டாயம் உண்டு. பெற்றோரில் ஒருவராவது அந்தக் கல்லூரியை நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். “அவங்க கூப்பிட்டு ஜூஸ் குடுக்குற நாள்ல போகாதீங்க. புதன்கிழமை, வியாழக்கிழமை மாதிரி போங்க. லேப்ல உக்காருங்க. பசங்க கை கீபோர்டுல இருக்கா, இல்ல வாத்தியார் எழுதிப் போட்டதைக் காப்பி அடிச்சிட்டு இருக்கான்னு பாருங்க” என்பார். பார்க்காமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். பங்குத்தந்தையின் சிபாரிசோடு வந்த ஒருவரையும் அனுப்பியிருக்கிறார்.

என் மகள் ரீனா பிளஸ் டூ எழுதிய வருடம்தான் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. நானும் என் மனைவியும் மாற்றி மாற்றி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நான் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் மருத்துவமனை, மதியத்திலிருந்து கடை மூடும்வரை நின்றபடி வேலை. ஆடித் தள்ளுபடிக்கான சரக்கு வேறு வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த நாட்களில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவேன்.

ரீனாவின் மதிப்பெண் சுமார். கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள். பெரிய கல்லூரிகள் கிடைக்காது என்று தெரிந்ததும் பாலவாக்கம் தாண்டி இருக்கும் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தோம். அங்கே இரண்டு படிப்புகள். ஒன்று பி.சி.ஏ. இன்னொன்று செயற்கை நுண்ணறிவு என்று பெயரில் சேர்த்திருந்த புதிய பி.எஸ்சி. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. கடையில் யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

“நேர்ல போய்ப் பார்த்துட்டு வா, அப்புறம் நிரப்புறேன்” என்றார் அக்கா. சொந்தத் தம்பிக்கும் சலுகை கிடையாது.

ஒரு புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். அடையாறு டெப்போவில் பஸ்ஸுக்காக உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது மூன்று பஸ் போயிருந்தது. அடுத்த பஸ் வந்து நின்றது. எழுந்து ஏறியிருக்கலாம், முடியவில்லை. அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். ரீனா பக்கத்தில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

“பார்த்தியாடா?”

“பார்த்தேன்கா.”

“லேப்?”

“சூப்பரா இருக்கு. ரெண்டாவது மாடி. ஏசி எல்லாம் ஓடுது.”

“பசங்க?”

“எல்லாரும் வேலை பண்ணிட்டு இருந்தாங்க.”

அக்கா என்னையே பார்த்தார். பிறகு “சரி, போய்ச் சாப்பிடு” என்றார். அவர் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். பத்து நாள் கழித்து ஒரு படிவத்தை நீட்டி, “பி.சி.ஏ. போதும்டா. இதுல கையெழுத்து போடு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. நோயாளியோடு என்ன வாக்குவாதம் என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நான் அப்படி நினைத்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

வகுப்பு தொடங்கிய அன்று ரீனாவைக் கொண்டுபோய் விட்டேன். அந்தக் கட்டிடத்துக்குக் கீழ்த்தளமும் ஒரு மாடியும்தான். வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. நல்லவேளை, அக்கா இங்கே வரவில்லை, அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

சிகிச்சை ஒரு கட்டத்துக்கு மேல் பலன் தரவில்லை. அக்கா வலியைப் பற்றிப் பேசமாட்டார். ரீனா கல்லூரியிலிருந்து வந்ததும் அன்று என்ன செய்தாள் என்று கேட்பார். அவள் லேப்டாப்பைத் திறந்து தான் எழுதிய நிரலைக் காட்டுவாள். பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் அடிப்பதற்கு ஒரு செயலி செய்து அவரிடம் காட்டினாள். அக்கா அதில் நான்கு தப்புக் கண்டுபிடித்தார். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பங்குத்தந்தை வந்து எண்ணெய் பூசி செபித்த நோயில்பூசுதலைப் பெற்று, ஒரு பிற்பகலில் எங்களை விட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டு வாசலில் நின்றவர்களில் முன்பின் தெரியாத ஓர் இளம்பெண் மாலையோடு அழுதுகொண்டிருந்தாள். யாரம்மா என்று கேட்டேன். பெயர் செல்வி, நொச்சிக்குப்பம், ரீனாவின் கல்லூரியில் லேப் உதவியாளர் என்றாள்.

“மேடம் அட்மிஷன் டைம்ல பாப்பாவோட வந்தாங்க சார். முதல்ல அந்தப் புது பி.எஸ்சி. கோர்ஸோட லேபைக் காட்டச் சொன்னாங்க. அது பூட்டிக் கீது, பெட்டியே பிரிக்கல. அப்பால நம்ம லேபுக்கு வந்து குந்திகினாங்க. பசங்க கையையே பாத்துகினு இருந்தாங்க. மூணு மணி நேரம் சார். நடுவுல ஒருவாட்டி வாந்தி வேற எடுத்தாங்க. வூட்டுக்குப் போங்க மேடம்னேன், இன்னும் ஒரு கிளாஸ் பாத்துட்டுப் போறேன்னாங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நீங்க முந்தின வாரமே வந்தீங்களாமே சார்? நான்தான் பாக்கல. ரெஜிஸ்டர்ல எழுத மறந்துட்டீங்கன்னு மேடமே உங்க பேரை எழுதினாங்க” என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அக்காவை உள்ளே கிடத்தியிருக்கும்போதும் அதே பொய்யைச் சொன்னேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஊசி குத்தும்போது அக்காவோடு சினிமாக் கதை பேசிய செவிலியர்களுக்கு. ஒவ்வொரு மாலையும் வந்து செபமாலை சொன்ன எங்கள் தெரு அன்பியக் குழுச் சகோதரிகளுக்கு. மாதக்கணக்கில் நேரம் தவறி வந்த என்னை ஒரு வார்த்தை கேட்காத கடை மேலாளருக்கு. இப்போது ஞாயிறன்று பங்கு மன்றத்தில் அக்காவின் மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பித் தரும் என் மனைவிக்கு. ரீனாவுக்கு எந்தப் படிப்பு சரியானது என்று எனக்கு இன்னும் தெரியாது. அவள் கை கீபோர்டில் இருக்கிறது. அதற்குக் காரணமான தங்கை செல்விக்கும் நன்றி.

கடைசியாக ரீனாவுக்கு. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று அவளை உட்கார வைத்தேன். டெப்போவில் தூங்கியதைச் சொன்னேன். இரண்டாவது மாடியையும் சொன்னேன்.

“தெரியும்பா” என்றாள். “ரெஜிஸ்டர்ல உங்க பேரைத் தேடுனதே நான்தான். இல்லைன்னதும் அத்தை பேனாவை வாங்கி எழுதிட்டாங்க. வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல உக்காந்தோம். அத்தையால நிக்கவே முடியல. அப்பதான் சொன்னாங்க.”

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“உங்கப்பா ரொம்பக் களைச்சுப் போயிருக்கான், அவனை எதுவும் கேக்காதன்னு சொன்னாங்கப்பா.”