ஒத்தக்கடைக்குப் போன கடைப்பலகை

பாதுஷா விருமாண்டிக்கு எண்பதாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. பஞ்சு வாங்கிய கடன். அந்தப் பஞ்சு மெத்தையாகி, ஒத்தக்கடைக் கல்லூரி விடுதியில் பிள்ளைகள் படுத்துப் புரள ஆரம்பித்தும் நாளாகிவிட்டது. கல்லூரி செக்கும் கொடுத்துவிட்டது. ஆனால் செக்கில் இருந்தது அவர் பெயரல்ல, 'மைதீன் பீவி மெத்தைக் கடை' என்ற கடைப்பெயர். அந்தப் பெயரில் கணக்கு இருந்தால்தான் காசு. வெள்ளிக்கிழமையோடு செக் செல்லாது. அதற்குமேலும் கடன் நின்றால் இனிப் பஞ்சு கிடையாது என்று விருமாண்டியும் சொல்லிவிட்டான்.

பாதுஷா ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர். தெருத்தெருவாக மெத்தை அடித்துக் கொடுத்து, சொந்தக் கடை போட்ட மனுசர். அவரைத்தான் கல்லூரிக்குப் பக்கத்து வங்கி இரண்டு மாதமாக அலையவிட்டது. போகிற நாளெல்லாம் புதுசாக ஒரு காகிதம்.

"பாய், ஆதார், பான், உத்யம் தொழில் பதிவு எல்லாம் சரி. கடை பேர்ல இன்னொரு ஆதாரம் வேணும். மாநகராட்சி லைசென்ஸ் ஒரிஜினல் எங்க?" என்றார் அதிகாரி ஆன்சி.

"போன்ல படம் புடிச்சிருக்கேனேம்மா."

"ஒரிஜினலப் பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாது."

"அது கடைப்பலகையில ஒட்டியிருக்கு."

"லைசென்ஸப் போயி யாராச்சும் ஒட்டுவாங்களா பாய்?"

"எங்க தெருவுல எம்புட்டுப் பேரு லைசென்ஸே இல்லாம கடை நடத்துறான் தெரியுமா? நான் ஒட்டுவேன். ஊரே பாக்கட்டும்!"

ஒட்டித்தான் இருந்தார், மைதா பசை காய்ச்சி. கடைக்குப் பலகைக் கதவு. பகலில் மற்றப் பலகைகள் மூலையில் அடுக்கிக் கிடக்க, லைசென்ஸ் ஒட்டிய பலகை மட்டும் வாசலில் நிமிர்ந்து நிற்கும்.

முத்திரையோடு இன்னொரு பிரதி கேட்டு மாநகராட்சிக்கு ஓடினார். "பத்து நாள் கழிச்சு வாங்க." மனைவி ஷாஹீதா கடைக்கு வந்து, லைசென்ஸை உரித்தெடுக்க வெந்நீர்த் துணியால் அதன் ஒரு ஓரத்தை நனைத்தாள். முத்திரை மை கசியத் தொடங்கியது.

"நிறுத்து! இருக்குறதும் போயிரும் போல," என்று கத்தினார் பாதுஷா.

"ஒட்டும்போதே சொன்னேன். கேட்டீகளா? ஊருக்குக் காட்டணுமாம்ல."

வெள்ளிக்கிழமை காலை பலகையைத் தோளில் தூக்கிவைத்து, ஒத்தக்கடை வழியாகப் போகும் மேலூர் பஸ்ஸில் ஏறினார்.

"என்ன பாய், கடையவே பேத்துக்கிட்டு வாரீக?" என்றான் கண்டக்டர்.

"பாதிக் கடைதான் மாப்ள. மீதிக்கு வீட்டுக்காரி காவலு. லக்கேஜ் டிக்கெட்டக் கிழி."

வங்கி வாசலில் காவலாளி மறித்தான். "ஒங்க மேடம் கேட்ட ஒரிஜினலுய்யா இது, வழிய விடு!" என்று பாதுஷா போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பியது. ஆன்சி எழுந்து வந்து, பலகையோரம் குனிந்து எண்ணையும் முத்திரையையும் ஒப்பிட்டார். சிரிப்பை அடக்கமுடியவில்லை.

"ஒரிஜினல் பாத்தாச்சு. அடுத்த வருசம் தயவுசெஞ்சு ஃபிரேம் போட்டு மாட்டுங்க பாய்."

"இத ரெண்டு மாசம் முந்தியே கேட்டிருந்தா அன்னைக்கே தூக்கியாந்திருப்பேன்."

மத்தியானத்துக்குள் கணக்கு எண் வந்தது. செக்கைப் போட்டார். திங்கட்கிழமை பணம் ஏறியது.

அன்று சாயங்காலம் விருமாண்டி கடைக்கு வந்தான். வாசலில் நிமிர்ந்து நின்ற பலகையைப் பார்த்தான். "ஒத்தக்கடை போன ஆளு இவருதானாண்ணே?"

"வாயப் பொத்து. கைய நீட்டு," என்றார் பாதுஷா.

விரித்த உள்ளங்கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, தெருவுக்கே கேட்கும்படி எண்ணி வைத்தார்.