மண் குழாய்க்கு ஒரு செவ்வந்தி மாலை

காலை 6.40. திண்டுக்கல் பேருந்து நிலையம். ஆளுயர இரும்புக் குழாயோடு நானும் என் சித்தி மகள் ஜெசிந்தாவும் ரெட்டியார்சத்திரம் வண்டியில் ஏறினோம். அவளுக்கு மகளிர் இலவசச் சீட்டு, எனக்குப் பதினைந்து ரூபாய், குழாய்க்கு முப்பது. குழாயைவிட மலிவாக நான் பயணம் செய்தது அன்றுதான்.

ஜெசிந்தா பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராய்கிறாள். குளத்தடியில் மண் அடுக்கடுக்காகப் படிகிறது. பருமணல் வந்தால் வெள்ளம். புல்லின் மகரந்தம் கூடினால் வறட்சி. ஆலைப் புகை வருவதற்கு முன்பே மழை பொய்த்த காலங்கள் உண்டு. சூரியன் சற்று மங்கியதா, எங்கோ எரிமலை வெடித்து வானத்தை மறைத்ததா என்று மற்ற இடத்து மண்ணோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

ஆனால் குழாயை இறக்கி எடுக்க, அடுக்கு கலையாத மண் வேண்டும். இங்கோ கோடை வந்தால் வண்டலை அள்ளி வயலுக்கு அடித்துவிடுவார்கள். இரண்டு குளங்களில் ஏமாந்துவிட்டாள். இது மூன்றாவது, மழை இறங்கிவிட்டால் இந்த வருடம் அவ்வளவுதான்.

8.10. குளக்கரையில் பூ விவசாயி முத்தையா காத்திருந்தார்.

"கன்னிமார் கல்லுக்கு முன்னாடி மட்டும் ஒருத்தரும் மம்பட்டி வைக்க மாட்டோம். அங்கன எடுங்க."

ஜெசிந்தாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். செத்த நேரம் உட்கார்ந்து குறிப்பெழுதினாள். நிமிர்ந்தால், குழாய்க்குச் சந்தனம், குங்குமம், வாய் நிறையச் செவ்வந்தி மாலை. சாமி இடத்தில் சும்மா குத்த முடியுமா என்று முத்தையா செய்த மரியாதை.

"ஐயையோ, நான் தேடுறதே மகரந்தந்தாண்ணே."

"அப்ப ஆயிரம் வருசமா இங்க செவ்வந்தித் தோட்டம்னு எழுதிரு" என்றேன். முறைத்தாள்.

முத்தையாவின் முகம் சுண்டிப் போயிற்று. "தப்பாப் போச்சாம்மா?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் தோட்டத்துக்கு ஓடி நான்கு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். உள்ளும் புறமும் கழுவிய பிறகே குழாயை இறக்கினோம்.

12.30. மூன்று பேர் இழுத்தும் முரண்டு பிடித்துத்தான் மேலே வந்தது. மண்ணைத் தாளில் தள்ளி, வெளித்தோலைக் கத்தியால் சீவினாள். கருப்பு, சாம்பல், மணல், மறுபடி கருப்பு. ஓர் அடுக்கும் கலையவில்லை. எனக்கே கண் கலங்கியது. அவளைச் சொல்ல வேண்டுமா?

கழற்றி வைத்திருந்த மாலையிலிருந்து இரண்டு பூவைக் கிள்ளி உறையில் போட்டாள். "பழச அடையாளம் காண இன்னிக்குப் பூத்ததும் வேணும்" என்று சொல்லி, மேலே 'முத்தையா தோட்டம்' என்று எழுதினாள்.

"அம்புட்டுப் பெரிய படிப்புக்கு நம்ம பூவா?" முத்தையா சிரித்தார். சிரித்த கையோடு, மீதி மாலையைத் தூக்கி அவள் கழுத்திலேயே போட்டுவிட்டார்.

கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை; மகரந்தம் மண்ணில் பட்டுவிடவும் கூடாது. திரும்பிய பேருந்தில், பொதிந்து கட்டிய மண்ணோடு நான் முன்னிருக்கையில்; மாலையும் கழுத்துமாக அவள், திண்டுக்கல் வரும்வரை, கடைசி இருக்கையில்.